பழகிப் போகுமா? பாலாற்றங்கரையில் ஓர் உயிரியல் பாடம்

(ஆம்பூர் வட்டாரத்தில் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியருக்காக நடந்த விஞ்ஞான வகுப்பில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



நான் ஆசிரியன் அல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உங்கள் ஆசிரியர்களைவிட நன்றாகப் பாடம் நடத்திவிடுவேன் என்ற எண்ணத்தில் இங்கே நிற்கவில்லை. உங்கள் புத்தகத்தில் சுற்றுச்சூழல் ஒரு பாடமாக இருக்கிறது. பரிணாமம் இன்னொரு பாடமாக இருக்கிறது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, நம் ஊரில் தினமும் காதில் விழும் ஒரு வார்த்தையைச் சோதித்துப் பார்ப்போம் என்று வந்திருக்கிறேன்.

"பழகிப் போச்சு" என்பதுதான் அந்த வார்த்தை.

வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர், "என்னம்மா, இப்படி நாற்றம் அடிக்குதே!" என்று மூக்கைப் பிடித்தால், "எங்களுக்குப் பழகிப் போச்சு" என்கிறோம். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறதே என்றால், "மாட்டுக்கே பழகிப் போச்சு" என்கிறோம். சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்கையோடு தோலைப் புரட்டும் தொழிலாளியிடம், "கை எரியவில்லையா?" என்று கேட்டால், அவர் வாய் திறக்குமுன் மேஸ்திரி முந்திக்கொள்கிறார்: "அவனுக்கெல்லாம் பழகிப் போச்சு சார்!"

ஜனங்கள் இதை ஆற்றாமையால் சொல்கிறார்கள். லாபம் பார்ப்பவர்கள் சௌகரியத்துக்காகச் சொல்கிறார்கள். யார் சொன்னால் என்ன, இது உண்மைதானா? உயிர்கள் விஷத்துக்குப் பழகிப் போகுமா? விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

ஆட்டுத் தோலின் வரலாறு

முதலில் சுற்றுச்சூழல் பாடம். ஓரிடத்தில் வாழும் செடி கொடிகள், பிராணிகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், அவை வாழும் மண், நீர், காற்று, வெயில் எல்லாம் சேர்ந்து இயங்கும் ஏற்பாட்டைத்தான் சூழல் மண்டலம் என்கிறோம். 1935-ல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவர விஞ்ஞானி இதற்குப் பெயர் வைத்தார்.

நம் ஊர்ச் சரக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆட்டுத் தோல் எங்கிருந்து வந்தது? ஆடு தின்ற புல்லிலிருந்து. புல் எங்கிருந்து வந்தது? மண்ணிலுள்ள உப்புக்களும் தண்ணீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் வெயிலின் சக்தியால் சேர்ந்து புல்லாயின. புல் உற்பத்தியாளன், ஆடு நுகர்வோன். ஆடு செத்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைத் தின்று, மறுபடியும் மண்ணாகவும் நீராகவும் வாயுவாகவும் பிரித்துவிடுகின்றன. இவைதான் சிதைப்போர். இவை ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தால் பூமி பிணங்களால் நிரம்பிவிடும்.

இதில் இரண்டு விதிகளை நினைவில் வையுங்கள். வெயிலின் சக்தி ஒரு வழிப் பாதை. புல்லுக்குப் போனதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஆட்டுக்குப் போகும். மீதியில் பெரும்பகுதி உஷ்ணமாகக் கலைந்துவிடும். பொருளோ சுற்றிச் சுற்றி வரும். எந்தப் பொருளும் இல்லாமல் போய்விடுவதில்லை. "தண்ணீரோடு போய்விட்டது" என்று யாராவது சொன்னால், "எங்கே போயிற்று?" என்று கேட்பவன்தான் சூழலியல் மாணவன்.

இப்போது ஒரு கேள்வி. தோல் பதனிடுவது என்றால் என்ன?

சிதைப்போரின் வாயிலிருந்து தோலைப் பறிப்பதுதான் பதனிடுவது. பச்சைத் தோல் ஒரு நாளில் அழுகத் தொடங்கிவிடும். அதனால் உப்புப் போடுகிறோம். உப்பு, பாக்டீரியாவின் உடம்பிலுள்ள தண்ணீரை வெளியே இழுத்து, அதை வளர விடாமல் தடுக்கிறது. பிறகு சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறவைத்து மயிரை நீக்குகிறோம். கடைசியில் முந்திய காலத்தில் ஆவாரம்பட்டைச் சாறு. இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு. அது தோலின் நார்களை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. அதன் பின் எந்த நுண்ணுயிரும் அதை எளிதில் தின்ன முடியாது. செருப்பு வருஷக்கணக்கில் உழைப்பதன் ரகசியம் இதுதான்.

நன்றாகக் கவனியுங்கள். எந்த உயிரும் தின்னக் கூடாது என்பதற்காகப் போட்ட சரக்கைத்தான் ஆற்றில் விட்டோம். பிறகு, ஆற்றிலுள்ள உயிர்கள் அதைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்துவிடும் என்று எதிர்பார்த்தோம்!

உப்பைத் தின்ன ஆள் இல்லை

கழிவில் மூன்று வகை உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, மக்கக் கூடியது. சதைத் துணுக்கு, மயிர், கொழுப்பு, இரத்தம் ஆகியவை. இதை நுண்ணுயிர்கள் தின்னும். ஆனால் தின்பதற்கு அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். கழிவு கொஞ்சமாக இருந்தால் ஆறு சமாளிக்கும். அளவு மீறினால் தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகும். அதன் பிறகு பிராணவாயு இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் ஆட்சிக்கு வருகின்றன. அவை வெளியிடும் வாயுக்களில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான்.

இரண்டாவது வகை, உப்பு. நூறு கிலோ பச்சைத் தோலுக்கு நாற்பது கிலோ அளவுக்கு உப்புப் போடுவது வழக்கம். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் செலவாகும். ஊறவைக்கும் தொட்டியிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து இறங்கிவிடுகிறது. உப்பைத் தின்று அழிக்கும் பாக்டீரியா உலகில் கிடையாது. அது மக்காது, ஆவியாகாது. மண்ணுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்கிறது.

உப்பு மிகுந்த மண்ணில் நெற்பயிர் என்ன ஆகும்? சவ்வூடு பரவல் படித்திருப்பீர்கள். வேருக்குள் இருக்கும் கரைசலைவிட வெளியே இருக்கும் கரைசல் அடர்த்தியாகிவிட்டால், வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. பயிர் தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தால் வாடும். தோலிலுள்ள பாக்டீரியாவை உப்பு எப்படிக் கொன்றதோ, அதே முறையில்தான் வயலில் பயிரையும் கொல்கிறது.

மூன்றாவது வகை, குரோமியம். அது ஒரு தனிமம். தனிமத்தை எந்த உயிரும் உடைக்க முடியாது. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது ஓரளவு சாது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கொடியது. தோலில் புண்ணையும், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையையும், நுரையீரலில் புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஓர் ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மலைபோல் அங்கேயே கிடந்து, மழைதோறும் நிலத்தடி நீரில் இறங்கியது.

இதில் பாலாற்றுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நந்தி மலைப் பகுதியில் பிறந்து கடலில் சேரும் வரை 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஊற்றாக ஓடும். கங்கை போல் வெள்ளம் வந்து கழிவைக் கரைத்து அடித்துக்கொண்டு போவதில்லை. விட்ட இடத்திலேயே இறங்கி, பக்கத்துக் கிணற்றில் ஏறுகிறது.

இதன் பலன் கோர்ட்டு ஆவணங்களிலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு கூறியதை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. "மாசுபடுத்துகிறவனே செலவை ஏற்க வேண்டும்" என்ற கோட்பாடு இந்திய நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று நம் மண்ணின் வழக்கில் வந்த அந்தத் தீர்ப்பு அறிவித்தது. அதன் பின் 2025 ஜனவரி 30-லும் அதே கோர்ட், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும், அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் இருபத்தெட்டு வருஷங்கள்! இந்த இருபத்தெட்டு வருஷத்தையும் ஓட்டியதில் "பழகிப் போச்சு" என்ற வார்த்தைக்கும் பங்கு உண்டு.

பரிணாமம் என்றால் என்ன?

"உயிர்கள் சூழ்நிலைக்குத் தக்கபடி மாறும் என்று டார்வினே சொல்லியிருக்கிறாரே! அப்படியானால் நாமும் மாறிவிட மாட்டோமா?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் இரண்டாவது பாடம்.

இயற்கைத் தேர்வு என்ற கருத்தைக் கண்டவர் டார்வின் மட்டுமல்ல. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பவரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். அவர் பதினாலு வயதில் படிப்பை நிறுத்தியவர்; நில அளவை வேலை பார்த்தவர். இன்றைய இந்தோனேசியாவின் தீவுகளில் பறவைகளும் பூச்சிகளும் சேகரித்துப் பிழைத்தவர். அங்கே காய்ச்சலில் கிடந்தபோதுதான் இந்தக் கருத்து அவருக்கு உதித்தது. இருவர் கட்டுரையும் 1858-ல் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் புத்தகம் வெளிவந்தது. படிப்பு நின்றுவிட்டதே என்று ஏங்கும் பிள்ளைகள் வாலஸின் பெயரை மறக்க வேண்டாம்.

அவர்கள் சொன்னதற்கு மூன்று கால்கள். ஒன்று, ஒரே இனத்துக்குள் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. இரண்டு, அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பரம்பரையாகப் பிள்ளைகளுக்குப் போகும். மூன்று, பிறந்த எல்லாமே பிழைத்துச் சந்ததி விடுவதில்லை. அந்தச் சூழலுக்குப் பொருத்தமான வேறுபாடு உடையவை அதிக சந்ததி விடும். தலைமுறைதோறும் இது நடந்தால் இனமே மாறும். மூன்றில் ஒரு கால் இல்லாவிட்டாலும் பரிணாமம் நடக்காது.

தொழிற்சாலைப் புகையே இதற்குச் சாட்சி சொன்னது. இங்கிலாந்தில் வெளிர் நிற அந்துப்பூச்சி ஒன்று உண்டு. மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டால் பறவைக்குத் தெரியாது. மான்செஸ்டரில் 1848-ல் அதன் கறுப்பு வகை முதல் முறையாகக் கண்டு குறிக்கப்பட்டது. நிலக்கரிப் புகையால் மரங்கள் கறுக்க, வெளிர் பூச்சி பறவைகளின் கண்ணில் பட்டது. கறுப்புப் பூச்சி தப்பியது. 1895-ல் அங்கே நூற்றுக்கு 98 கறுப்பு! இதைக் கணக்கிட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். கறுப்புப் பூச்சி மற்றதைப் போல் ஒன்றரை மடங்கு சந்ததி விட்டிருந்தால்தான் இவ்வளவு வேகமாக இது நடந்திருக்க முடியும் என்று 1924-ல் காட்டினார். அவர் 1957-ல் நம் நாட்டுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார். இங்கிலாந்தில் 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது, புகை குறைந்தது, வெளிர் பூச்சிகள் மறுபடியும் பெருகின.

இதில் ஒரு பூச்சியாவது வெளிராகப் பிறந்து, புகைக்குப் "பழகி", கறுப்பாக மாறியதா? இல்லை. கறுப்பு ஏற்கெனவே ஒன்றிரண்டாக இருந்தது. வெளிரானவை தின்னப்பட்டன. அவ்வளவுதான்.

பழக்கம் வேறு, பரிணாமம் வேறு

ஆகவே "பழக்கம்" என்பது தனி ஆளின் உடம்பில் நடப்பது. "பரிணாமம்" என்பது தலைமுறைகளில் இனம் முழுவதிலும் நடப்பது. மண்வெட்டி பிடித்த அப்பாவின் கை காய்த்துப் போகும். பிள்ளை காய்த்த கையோடு பிறப்பதில்லை.

பெற்ற குணம் பிள்ளைக்கு வரும் என்ற கருத்து சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவரால் அரசாங்கத்தின் கொள்கையாகவே ஆக்கப்பட்டது. பயிரைக் குளிரில் பழக்கினால் அதன் சந்ததியும் பழகிவிடும் என்றார்கள். மறுத்த விஞ்ஞானிகள் துன்பப்பட்டார்கள். உலகெங்கும் சென்று விதைகளைச் சேகரித்த மேதை வவிலோவ் 1943-ல் சிறையில் மாண்டார். லைசென்கோவின் முறை வயலில் பொய்த்தது. நமக்குப் பிடித்த கருத்து என்பதற்காக இயற்கை தலையாட்டுவதில்லை. யார் சொன்னாலும் சோதித்துப் பார்ப்பதுதான் விஞ்ஞானம்.

நாற்றத்துக்கு வருவோம். மூக்கு ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சற்று நேரத்தில் மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. அதுதான் நாம் சொல்லும் பழக்கம். வாயு அப்படியேதான் இருக்கிறது. நுரையீரலுக்கும் அப்படியேதான் போகிறது. ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் ஒரு படி மேலே. காற்றில் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கைத் தாண்டினால் அது முகரும் நரம்பையே மரத்துப் போகச் செய்துவிடும். அளவு குறைவாக இருக்கும்போது நாறும். உயிரை எடுக்கும் அளவு வரும்போது நாற்றமே தெரியாது! கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும், இருவரையும் காப்பாற்றப் போன மூன்றாமவரும் சாவது இப்படித்தான். உங்கள் வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் இன்றிரவே சொல்லுங்கள்: "நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்பது சாவுக்கு வழி. வாயுவை அளக்கும் கருவி சொல்ல வேண்டும். மூக்கு சொல்லக் கூடாது.

யாருக்குப் பழகும்?

அப்படியானால் நம் ஆற்றில் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. தோல் கழிவு விழுந்த மண்ணிலும் நீரிலும் குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். சில பாக்டீரியாக்கள் விஷத்தை உடம்புக்கு வெளியே இறைத்துத் தள்ளுகின்றன. சில, கொடிய குரோமியத்தைச் சாதுவான குரோமியமாக மாற்றுகின்றன. இது உண்மையான பரிணாமம்.

அவற்றால் முடிந்தது, நம்மால் ஏன் முடியாது? கணக்குப் போடுங்கள். நல்ல தீனி கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிஷத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு நாளில் 72 தலைமுறை. மனிதனுக்குத் தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால், 72 தலைமுறைக்கு 1,800 வருஷம். அது ஒரு நாளில் கடக்கும் தூரத்தை நாம் கடக்கச் சங்க காலத்திலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். மேலும் அது கோடிக்கணக்கில் சாகும். பிழைத்த ஒன்றிலிருந்து மறுநாளே கோடியாகும். தன்னிடமுள்ள தாங்கும் மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாற்றியும் கொடுக்கும். நெல்லாலோ மாட்டாலோ மனிதனாலோ அது ஆகாது.

தலைமுறை வேகம் இருந்தாலும் போதாது. வேறுபாடும் இருக்க வேண்டும். பிரிட்டனில் செம்பு, துத்தநாகச் சுரங்கக் கழிவு மேடுகளில் சில புல்வகைகள் வளர்வதை பிராட்ஷாவும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். சாதாரணப் புல்லின் விதைகளை அங்கே தூவினால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிழைக்கும். அவற்றின் சந்ததிதான் அந்த மேட்டுப் புல். பக்கத்து வயலிலிருந்த பல செடிகளில் அந்த ஒன்றிரண்டும் இல்லை. அவை அங்கே வளரவே இல்லை. பாலாற்று மணலில் சீமைக் கருவேலம் செழித்திருக்கிறதே என்பீர்கள். அது இங்கே பழகியதல்ல. உப்பையும் வறட்சியையும் தாங்கும் குணத்தோடு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மற்றவை செத்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மனிதர்கள் விஷத்துக்கும் நோய்க்கும் ஈடுகொடுத்த உதாரணம் இல்லாமல் இல்லை. அர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலையில் ஆர்சனிக் கலந்த ஊற்றுநீரை ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் குடித்த மக்களிடம், அந்த நஞ்சைக் கையாள உதவும் மரபணு வடிவம் மிகுந்திருப்பதை 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் குணம் இருப்பது 1952-ல் கண்டறியப்பட்டது. அந்த மரபணு ஒன்று இருந்தால் மலேரியாவின் கொடுமையிலிருந்து பாதுகாப்பு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் கடும் இரத்த நோய். இந்தப் பாதுகாப்பு கிடைக்க எத்தனை தலைமுறைக் குழந்தைகள் மலேரியாவில் மாண்டிருப்பார்கள்! இன்னும் எத்தனை குழந்தைகள் அந்த இரத்த நோயால் விலை கொடுக்கிறார்கள்!

"ஜனங்கள் பழகிக்கொள்வார்கள்" என்று சொல்பவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும். பரிணாம விதிப்படி பழக வேண்டுமானால், தாங்க முடியாத பிள்ளைகள் தாங்களும் பிள்ளை பெறுமுன் சாக வேண்டும். அது நூறு தலைமுறை நடக்க வேண்டும். அதற்கு எந்தத் தாய் சம்மதிப்பாள்?

நாம் செய்யக் கூடியது

மனிதனுக்கு இன்னொரு வழி உண்டு. உடம்பு மாறும் வரை காத்திராமல், அறிவாலும் கூட்டு உழைப்பாலும் சூழ்நிலையை மாற்ற அவனால் முடியும். இங்கிலாந்தில் வெளிர் பூச்சி திரும்பி வந்தது சட்டம் வந்து புகை குறைந்ததால்தான்.

தொழிற்சாலையை மூடு என்று நான் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது தோல் கூலியாலும் ஷூ கம்பெனிச் சம்பளத்தாலும்தான். வயலை இழந்த விவசாயியும் தொட்டியில் இறங்கும் தொழிலாளியும் பல வீடுகளில் அண்ணன் தம்பிகள். தோலை ஊறவைக்குமுன் உப்பை உதிர்த்துத் தனியே எடுக்க முடியும். கழிவிலிருந்து குரோமியத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்த முடியும். சுத்திகரித்த நீரையே திரும்பப் பயன்படுத்தும் முறை வந்திருக்கிறது. அதில் மிஞ்சும் உப்புக் குவியலை மழையில் கரையாமல் காக்க வேண்டும். வழி தெரியாமல் நிற்கவில்லை. செலவை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் தகராறு.

பரிணாமத்தைப் பாடத்திலிருந்தே எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அது நீக்கப்பட்டதை எதிர்த்து 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். உங்கள் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள்.

உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன். ஒன்று: தெருவுக்கு ஒரு கிணறு அல்லது குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளவுமானியால் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. இரண்டு: ஆற்று மணலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ணுங்கள். கழிவு வந்த இடத்திலும் வராத இடத்திலும் செய்து ஒப்பிடுங்கள். மூன்று: வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவிடம், அவர்கள் காலத்தில் ஆற்றில் என்ன மீன், வயலில் என்ன பயிர், கிணறு எத்தனை அடி என்று கேட்டு எழுதுங்கள். தேதி, இடம், அளவு மூன்றையும் தவறாமல் குறியுங்கள். நாளைக்கு அதிகாரி முன்னிலையில் பேச வேண்டி வந்தால் அந்த நோட்டுப் புத்தகம்தான் பேசும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள். கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்ப்போம்.